கடைச் சாவி யார் கையில்? இணையக் கடையும் இரவல் பிளகின்களும்

2026 ஜூன் 19 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையம் வழியாகப் பொருள் விற்கும் கடைகளுக்கு ஒரு புதுப் பட்டன் கட்டாயமாகிறது. வாங்கிய பொருள் வேண்டாம் என்று வாடிக்கையாளர் முடிவு செய்தால், மின்னஞ்சல், கடிதம் என்று அலையாமல் கடையின் தளத்திலேயே ஒரு பட்டனைத் தட்டி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த நெறியாணை சொல்வது இதைத்தான். பட்டன் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் காலம் முடியும் வரை அது வேலை செய்ய வேண்டும். தட்டியவருக்கு நாள், நேரத்தோடு உடனே ஒரு ரசீது போக வேண்டும்.

செய்தி வந்த வாரம் டோர்ட்மண்ட் பக்கத்திலிருந்து அக்கா போன் செய்தார். "தம்பி, இன்னொரு பட்டனாம். அதுக்கும் ஒரு பிளகின் போடவேணுமோ?"

"போடலாம் அக்கா. ஆனா இந்தத் தடவை அவசரப்பட வேண்டாம்" என்றேன்.

அந்த 'இந்தத் தடவை'க்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. என் தப்புதான் அது. ஜெர்மனியில், பிரான்சில், நெதர்லாந்தில் இணையக் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கும், அவர்களுக்கு "கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி"யாக இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

ஐடிதானே, இதையும் பாருங்கோ

நான் திருநெல்வேலிப் பக்கம் பொறியியல் படித்தவன். எட்டு வருடமாக ஜெர்மனியில் மென்பொருள் வேலை. அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போனபோது பழக்கம். மிளகாய்த்தூள், ஒடியல் மா, புட்டுக் குழல், குத்துவிளக்கு எல்லாம் விற்கும் சின்னக் கடை. கொரோனா காலத்தில் தூரத்து வாடிக்கையாளர்கள் வர முடியாமல் போனதும், அவருடைய மருமகன் ஒரே வாரக் கடைசியில் இணையக் கடை ஒன்றைக் கட்டிக் கொடுத்தான். பிறகு அவன் படிக்க வேறு ஊருக்குப் போய்விட்டான். "நீங்கள் ஐடிதானே தம்பி, இதையும் பாருங்கோ" என்று கடவுச்சொல் எழுதிய துண்டுச் சீட்டு என் கைக்கு வந்தது.

கடை ஓடியது வேர்ட்பிரஸ் மேல் வூகாமர்ஸில். உலகத்து இணையதளங்களில் பத்தில் நான்குக்கு மேல் வேர்ட்பிரஸில்தான் ஓடுகின்றன. அதைக் கடையாக மாற்றும் வூகாமர்ஸும் இலவசம். ஆனால் கடைக்கு வேண்டிய எல்லாம் அதற்குள் இருக்காது. பில் அடிக்க ஒன்று, தபால் செலவு கணக்கிட ஒன்று, பேபால் வாங்க ஒன்று, குக்கி அனுமதி கேட்க ஒன்று என்று தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். இவற்றைத்தான் பிளகின் என்கிறோம். செருகுநிரல் என்று நல்ல தமிழ்ச் சொல்லும் இருக்கிறது. நான் கையில் எடுத்தபோது அந்தக் கடையில் 34 பிளகின்கள் இருந்தன. எதற்கு எது என்று யாருக்கும் தெரியவில்லை.

வேலையில் நான் ஜாவாவில் வங்கிக் கணக்குகளுக்கான நிரல் எழுதுகிறவன். 'பிளகின் போடுவதெல்லாம் ஒரு வேலையா' என்ற இளக்காரம் எனக்குள் இருந்தது. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

போடுவது சுலபம்தான்

உண்மையிலேயே சுலபம். நிர்வாகப் பக்கத்தில் பிளகின் பகுதிக்குப் போய் 'புதிது சேர்' என்று தட்டி, ஜிப் கோப்பைத் தேர்ந்தெடுத்து ஏற்றி, 'நிறுவு' கொடுத்து, 'இயக்கு' கொடுத்தால் முடிந்தது. இரண்டு நிமிடம்.

சறுக்கும் இடங்கள் இரண்டு மூன்று உண்டு. காசு கொடுத்து வாங்கும் பிளகின்கள் சிலவற்றில் நமக்குக் கிடைக்கும் ஜிப்புக்குள் விளக்கக் குறிப்பு, உரிமத் தாள், அதோடு இன்னொரு ஜிப் இருக்கும். உள்ளே இருப்பதுதான் பிளகின். வெளி ஜிப்பை அப்படியே ஏற்றினால் 'செல்லுபடியாகும் பிளகின் எதுவும் இல்லை' என்று தளம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சில இடங்களில் சர்வர் 2 எம்பிக்கு மேல் கோப்பு வாங்காது. வாடகைக்கு இடம் தரும் நிறுவனத்தின் அமைப்புப் பக்கத்தில் அந்த வரம்பைக் கூட்ட வேண்டும். இயக்கியதும் தளம் வெள்ளைத் திரையாகிவிட்டால் பதற வேண்டாம். கோப்பு மேலாளரில் போய் அந்தப் பிளகினின் கோப்புறைப் பெயரை மாற்றினால் அது தானாக அணைந்துவிடும். 2019-க்குப் பிறகு வந்த வேர்ட்பிரஸ் பதிப்புகள் இப்படி விழுந்தால் நிர்வாகிக்கு மின்னஞ்சலில் மீட்பு இணைப்பும் அனுப்புகின்றன.

யூடியூபில் இதையெல்லாம் தமிழில் அழகாகச் சொல்லித் தருகிறார்கள். அவர்களில் பலர் சொல்லாத ஒன்று உண்டு. 'இயக்கு' என்று தட்டிய நொடியிலிருந்து அந்தப் பிளகினுக்குக் கடை முழுவதும் திறந்திருக்கிறது. வேர்ட்பிரஸுக்குள் அறைக்கு அறை பூட்டு கிடையாது. தபால் செலவு கணக்கிடும் பிளகினால், விரும்பினால், வாடிக்கையாளர் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் படிக்க முடியும். புதிய நிர்வாகியைச் சேர்க்க முடியும். கடையைப் பெருக்க ஆள் வைத்து, கல்லாப்பெட்டிச் சாவியையும் சேர்த்துக் கொடுப்பது மாதிரி. 34 பிளகின் என்றால் 34 சாவி.

என் தப்பு

ஜெர்மனியில் அரிசி, தூள், எண்ணெய் விற்றால் பாக்கெட் விலையோடு கிலோ விலை அல்லது லிட்டர் விலையும் காட்ட வேண்டும். முன்பு சின்ன பாக்கெட்டுகளுக்கு 100 கிராம் விலை காட்டினால் போதும். 2022 மே 28 முதல் எல்லாவற்றுக்கும் கிலோ அல்லது லிட்டர் கணக்குத்தான். 400 கிராம் மிளகாய்த்தூள் 5.20 யூரோ என்று போட்டால், பக்கத்திலேயே கிலோ 13 யூரோ என்றும் இருக்க வேண்டும்.

அக்கா கடையில் அதற்கொரு பிளகின் இருந்தது. பொருளின் பக்கத்தில் கிலோ விலை ஒழுங்காக வந்தது. ஆனால் ஒரே தூள் 250 கிராம், 500 கிராம், 1 கிலோ என்று வந்தால், எல்லாப் பொருளையும் வரிசையாகக் காட்டும் பட்டியல் பக்கத்தில் வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பிளகினின் கோப்பையே திறந்து, உள்ளே நாலு வரி எழுதிச் சேமித்தேன். உடனே சரியாகிவிட்டது. அலுவலகத்தில் ஒரு புதுப் பையன் இப்படிச் செய்திருந்தால் அரை மணி நேரம் வகுப்பெடுத்திருப்பேன். இங்கே 'சின்னக் கடைதானே' என்று விட்டுவிட்டேன்.

சில வாரம் கழித்து அந்தப் பிளகினுக்குப் புதிய பதிப்பு வந்தது. தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதி இயங்கிக்கொண்டிருந்தது. பிளகினைப் புதுப்பிப்பது என்றால் பழைய கோப்புறையை அழித்துப் புதியதை வைப்பது. என் நாலு வரியும் அதோடு போயிற்று. கடை ஓடியது, ஆர்டர் வந்தது, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பட்டியல் பக்கத்தில் கிலோ விலை மட்டும் இல்லை. 19 நாள்.

பிறகு கடிதம் வந்தது. ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு 'அப்மானுங்' என்றால் என்னவென்று தெரியும். சட்டத்தை மீறிவிட்டாய், நிறுத்து, செலவைக் கொடு, இனிச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடு என்று வரும் எச்சரிக்கைக் கடிதம். போட்டி வியாபாரியும் அனுப்பலாம், அதற்கென்று இருக்கும் சங்கங்களும் அனுப்பலாம். அக்காவுக்கு வந்தது ஒரு சங்கத்தின் சார்பில்.

"தம்பி, கிலோ விலை காட்டேல்லை எண்டு கடிதம் வந்திருக்கு. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நாங்கள் காட்டிக்கொண்டுதானே இருந்தனாங்கள்?"

அந்த 'நாங்கள்' என்ற சொல்தான் எனக்கு வலித்தது. தப்பு நான் செய்தது. கடிதம் அவர் பெயருக்கு.

கட்டிய சில நூறு யூரோ பெரிய விஷயம் இல்லை. அதை நான் கொடுக்கிறேன் என்றேன், வாங்கவில்லை. பெரிய விஷயம் அவர் கையெழுத்திட்ட உறுதிமொழி. வழக்கறிஞரிடம் காட்டி, வார்த்தைகளைத் திருத்தித்தான் கொடுத்தோம். ஆனாலும் அதே தவறு மறுபடி நடந்தால் அபராதம் உண்டு. அந்தக் கையெழுத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது. அதாவது இனி ஒவ்வொரு புதுப்பிப்பு வரும்போதும் அக்காவின் கையெழுத்து பணயத்தில் இருக்கிறது.

மாற்றம் செய்யும் முறை

இதற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். பிளகினை நமக்கு ஏற்ற மாதிரி மாற்ற அவர்களே வாசல் வைத்திருக்கிறார்கள். நிரலுக்குள் குறிப்பிட்ட இடங்களில் கொக்கி போல விட்டிருப்பார்கள். விலையைத் திரையில் காட்டுவதற்கு முன்னால் 'இதில் யாராவது ஏதாவது மாற்ற வேண்டுமா' என்று தளம் கேட்கும். நம் நிரல் அந்தக் கொக்கியில் தொங்கிக்கொண்டு தன் வேலையைச் செய்யும். அதைச் சொந்தமாக ஒரு சின்னப் பிளகினாக எழுதி ஏற்ற வேண்டும். அப்போது மூலப் பிளகின் எத்தனை முறை மாறினாலும் நம் வரிகள் தனிக் கோப்புறையில் பத்திரமாக இருக்கும். என் நாலு வரி இப்போது நாற்பது வரியாகித் தனிப் பிளகினாக இருக்கிறது.

பக்கத்தின் வடிவத்தையே மாற்ற வேண்டுமென்றால், வார்ப்புருக் கோப்பை நம் சொந்தத் துணைத் தீமுக்குள் நகல் எடுத்து அங்கே மாற்றலாம். அந்த நகல் பழசாகிவிட்டால் வூகாமர்ஸின் நிலை அறிக்கைப் பக்கம் எச்சரிக்கும். மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

நம் கடைகளுக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு. இவற்றை ஆங்கில வழிகாட்டிகளில் தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது. பொருளின் பெயரைத் தமிழில் போட்டால் அதன் இணைய முகவரியும் தமிழிலேயே உருவாகும். உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும். முகவரிக்கு இருப்பதோ 200 எழுத்து இடம். இருபத்திரண்டு குறியீட்டுக்கு மேல் போனால் வெட்டிவிடும். புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் குறியீடுதான் என்பதால் 'யாழ்ப்பாணத்து வறுத்த மிளகாய்த்தூள்' பாதியிலேயே நின்றுவிடும். பெயர் தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் சுருக்கமாகக் கொடுங்கள். அதேபோல பிடிஎஃப் பில் அடிக்கும் இலவசப் பிளகின்கள் பலவற்றில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று தமிழ் சிதறும். தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கோக்கத் தெரிந்த பிடிஎஃப் கருவியைப் பயன்படுத்தும் பிளகினாகப் பார்த்து வாங்க வேண்டும்.

எழுத்துரு விஷயத்தில் சட்டமும் உண்டு. கேட்டமரன், முக்த மலர் போன்ற அழகான தமிழ் எழுத்துருக்களைப் பல தளங்கள் நேரடியாகக் கூகுள் சர்வரிலிருந்து இழுக்கின்றன. இழுக்கும்போது பார்வையாளரின் ஐபி முகவரி கூகுளுக்குப் போகிறது. அனுமதி இல்லாமல் அப்படிப் போனதற்காக மியூனிக் நீதிமன்றம் 2022 ஜனவரியில் ஒருவருக்கு 100 யூரோ இழப்பீடு வழங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு அந்த ஆண்டே ஜெர்மனி முழுக்கச் சின்னச் சின்னத் தளங்களுக்கு 170 யூரோ கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. ஆண்டுக் கடைசியில் பெர்லினில் கடிதம் அனுப்பியவர்கள் வீட்டிலேயே சோதனை நடந்தது தனிக் கதை. இங்கேயும் எழுத்துருவை இழுத்தது தீமோ பிளகினோதான். கடிதம் போனது தளத்தின் சொந்தக்காரருக்கு. எழுத்துருவை இறக்கி நம் சர்வரிலேயே வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை இல்லை.

புதுப்பிக்காமல் விட்டுவிடலாமா?

என் கதையைக் கேட்ட நண்பர் ஒருவர், "அப்போ அப்டேட்டை நிறுத்திடு, வம்பே இல்ல" என்றார். அதுவும் ஆபத்து.

2023 மார்ச்சில் வூகாமர்ஸின் சொந்தப் பணப் பட்டுவாடா பிளகினில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. கடவுச்சொல் இல்லாமலே எவரும் நிர்வாகியாக நடிக்கலாம். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கடைகளில் இருந்த பிளகின் அது. அவசரத் திருத்தத்தைக் கட்டாயமாகவே தளங்களுக்குள் தள்ளினார்கள். அப்படியும் திருத்தாமல் விட்ட கடைகளைத் தேடி அந்த ஜூலையில் பெரிய தாக்குதல் நடந்தது.

புதுப்பிப்பு வழியாகவே திருடன் வந்த சம்பவங்களும் உண்டு. 2017-இல் இரண்டு லட்சம் தளங்களில் இருந்த 'டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்' என்ற பிளகினை எழுதியவர் அதை வேறொருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் அடுத்த பதிப்பில் கள்ளக் கதவு வைத்து அனுப்பினார். 2024 ஜூனில் பிளகின் எழுதும் சிலர் வேறெங்கோ கசிந்த பழைய கடவுச்சொல்லையே இங்கும் வைத்திருந்ததால், அவர்கள் கணக்கில் நுழைந்து குறைந்தது ஐந்து பிளகின்களில் நச்சு நிரலைச் சேர்த்தார்கள். புதுப்பித்த தளங்களில் யாருக்கும் தெரியாமல் புதிய நிர்வாகி முளைத்தார்.

திருடனே இல்லாவிட்டாலும் சண்டை வரலாம். 2024 செப்டம்பரில் வேர்ட்பிரஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக்குக்கும், டபிள்யூபி எஞ்சின் என்ற நிறுவனத்துக்கும் மோதல் வந்தது. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் புதுப்பிப்பு வாங்கும் பொதுக் கிடங்கின் வாசல் மூடப்பட்டது. அக்டோபர் 12 அன்று, இருபது லட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் இருந்த அந்த நிறுவனத்தின் 'அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ்' பிளகினின் இடத்தைக் கிடங்குத் தரப்பே எடுத்துக்கொண்டு வேறு பெயர் வைத்தது. டிசம்பர் 10 அன்று கலிஃபோர்னியா நீதிமன்றம் தற்காலிகத் தடை போட்ட பிறகுதான் பழைய நிலை திரும்பியது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். எங்கோ இரண்டு பேர் சண்டை போட்டால் டோர்ட்மண்ட் மிளகாய்த்தூள் கடையின் பிளகின் ஒரே இரவில் கை மாறலாம் என்பது அன்றைக்குத் தெரிந்தது. சுதந்திர மென்பொருள் என்பதால் நிரல் நம்முடையதுதான். ஆனால் அது வந்து சேரும் வழி ஒரே வாசல்.

ஆகவே புதுப்பிக்காமலும் இருக்க முடியாது, கண்ணை மூடிக்கொண்டு புதுப்பிக்கவும் முடியாது. பிளகின்களின் எண்ணிக்கையைக் குறைப்பது, நகல் தளத்தில் முதலில் புதுப்பித்துப் பார்ப்பது, கோப்புகள், தரவுத்தளம் இரண்டையும் காப்புப் பிரதி எடுப்பது, நம் மாற்றங்களைத் தனியே வைப்பது. வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

இலவசமாகக் கிடைக்கிறது என்று காசுப் பிளகின்களின் திருட்டு நகலை டெலிகிராமில் எடுத்துப் போடுகிறவர்களும் நம்மில் உண்டு. உரிமச் சாவி உடைக்கப்பட்ட கோப்புக்குள் வேறு என்ன உடைக்கப்பட்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 60 யூரோ மிச்சம் பிடிக்கப் போய்க் கடையையே எழுதிக் கொடுக்க வேண்டாம்.

சட்டம் மாறும் வேகம்

அக்காவின் கேள்வியில் அலுப்பு இருந்தது. அது நியாயமான அலுப்பு. வாடிக்கையாளர் தகராறுகளைத் தீர்க்க ஐரோப்பிய ஆணையம் 2016-இல் ஒரு தளம் தொடங்கியது. அதன் இணைப்பைக் கடைகள் காட்டுவது கட்டாயம் என்றார்கள். 2025 ஜூலை 20-இல் அந்தத் தளத்தையே மூடினார்கள். இப்போது அந்த இணைப்பை எடுக்காமல் வைத்திருப்பது தப்பு. 2024 டிசம்பர் 13 முதல் பொருள் பாதுகாப்பு விதிகள் வந்தன. புட்டுக் குழலைச் செய்தவர் யார், ஐரோப்பாவில் அதற்குப் பொறுப்பாளர் யார் என்று பொருளின் பக்கத்திலேயே எழுத வேண்டும். 2025 ஜூன் 28 முதல் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளம் இருக்க வேண்டும் என்ற சட்டம். இப்போது இந்தத் திரும்பப் பெறும் பட்டன்.

ஒவ்வொரு சட்டத்தோடும் 'எங்கள் பிளகினைப் போட்டால் போதும்' என்று ஒரு விளம்பரமும் வருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் வந்தபோது அக்காவுக்கு வந்த மின்னஞ்சல்களைப் பார்த்தேன். பயமுறுத்தியே விற்கிறார்கள். பத்துப் பேருக்குக் குறைவாக, ஆண்டுக்கு இருபது லட்சம் யூரோவுக்கு மேல் போகாத வியாபாரம் நடத்தும் சேவைகளுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்று எந்த மின்னஞ்சலும் சொல்லவில்லை. இப்படி ஒரே பிளகினில் எந்தத் தளமும் விதிப்படி ஆகிவிடும் என்று சொல்லி விற்ற ஆக்சஸிபி என்ற நிறுவனம் பத்து லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2025-இல் உத்தரவிட்டது. பிளகின் ஒரு கருவி. சட்டத்துக்குப் பதில் சொல்லும் வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது.

எழுதுகிறவர்களும் பொறுப்பேற்க வேண்டும் என்ற குரல் ஐரோப்பாவில் சட்டமாகிவிட்டது. டிஜிட்டல் பொருட்களின் பாதுகாப்புக்கான சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஓட்டைகள் தாக்கப்பட்டால் தயாரிப்பாளர் தெரிவிக்க வேண்டும் என்ற பகுதி 2026 செப்டம்பர் 11 முதலும், முழுச் சட்டமும் 2027 டிசம்பர் 11 முதலும் செல்லும். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் வணிக நோக்கமில்லாமல் இலவசமாக எழுதுகிறவர்களை அது தொடாது. அதுவும் நியாயம்தான், சும்மா கொடுப்பவரை எப்படித் தண்டிப்பது? எப்படிப் பார்த்தாலும் கிலோ விலை விடுபட்டால் கடிதம் அக்காவுக்குத்தான் வரும்.

ஷாப்பிஃபைக்குப் போய்விடலாமே என்று கேட்கலாம். போகலாம், தப்பில்லை. சர்வர், பாதுகாப்பு எல்லாம் அவர்கள் கவலை. அங்கே ஒரு ஆப் சேர்த்தால் எதையெல்லாம் பார்க்கப்போகிறது என்று அனுமதி கேட்கும். பூட்டு கொஞ்சம் நல்ல பூட்டு. ஆனால் மாத வாடகை உண்டு, ஆப்புகளுக்கும் தனி வாடகை உண்டு, வீட்டுக்காரர் விதியை மாற்றினால் நாம் மாற வேண்டும். ஜெர்மன் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது அங்கேயும் கடைக்காரர்தான். நேரமில்லாதவர்களுக்கு அது நல்ல வழி. பொறுப்பு மட்டும் இடம் மாறாது.

அக்காவின் நோட்டுப் புத்தகம்

கடிதம் வந்த பிறகு நான் ஒரு சின்ன நிரல் எழுதினேன். தினமும் காலையில் அது பட்டியல் பக்கங்களைத் திறந்து கிலோ விலை இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் எனக்கு மின்னஞ்சல் வரும். இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் பணம் கட்டும் பக்கத்தை வூகாமர்ஸின் புது பிளாக் முறைக்கு மாற்றினேன். 2023 கடைசியிலிருந்து புதிதாகத் தொடங்கும் கடைகளுக்கு அதுதான் இயல்பு, வேகமும் அதிகம். எல்லாம் சரி என்று படுத்துவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா.

"தம்பி, கடைசிப் பட்டன் இங்கிலீசில கிடக்குது."

தூக்கம் பறந்துவிட்டது. ஜெர்மனியில் அந்தக் கடைசிப் பட்டனில் 'பணம் செலுத்தும் கடப்பாட்டுடன் ஆர்டர் செய்கிறேன்' என்ற பொருளில் தெளிவான ஜெர்மன் வாசகம் இருக்க வேண்டும். 2012 முதல் சட்டம். அது இல்லையென்றால் விற்பனை ஒப்பந்தமே உருவாகாது. பழைய பக்கத்தில் அந்த வாசகத்தை ஒரு கொக்கியில் மாட்டி வைத்திருந்தேன். புது பிளாக் முறை அந்தக் கொக்கியைக் கேட்பதே இல்லை. என் காவல் நிரல் கிலோ விலையை மட்டும் பார்த்துவிட்டு 'எல்லாம் நலம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கண்டுபிடித்தவர் நிரல் தெரியாத அக்கா. கடிதம் வந்த நாளிலிருந்து அவர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். காலையில் சாமி விளக்கு ஏற்றிவிட்டு, போனில் கடையைத் திறந்து, ஒரு தூள், ஒரு எண்ணெய், ஒரு விளக்கு மூன்றையும் கூடையில் போட்டுக் கடைசிப் பட்டன் வரை போய்ப் பார்ப்பார். கிலோ விலை, லிட்டர் விலை, வரி, தபால் செலவு, பட்டன் வாசகம் என்று ஐந்து கட்டம். டிக் போடுவார். ஆர்டர் கொடுக்காமல் வெளியே வந்துவிடுவார். அன்று ஐந்தாவது கட்டத்தில் டிக் விழவில்லை. இரவில் ஒரு ஆர்டரும் வந்திருக்கவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

அன்றைக்குத்தான் என் இளக்காரம் முழுசாகப் போயிற்று. நம்மவர்கள் இணையக் கடை என்றால் 'அது தம்பி பாத்துக்குவான்' என்று சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். தம்பிமார் நாமும் யாரிடமும் விளக்கம் சொல்லாமல் வேலையை முடித்துவிட்டுப் போகிறோம். தம்பிக்கு வேலை மாறும், ஊர் மாறும், கல்யாணம் ஆகும். கடிதம் கடைக்காரர் வீட்டு விலாசத்துக்கு வரும். கோயில்களின் அர்ச்சனைப் பதிவு, தமிழ்ப் பள்ளிகளின் விழா டிக்கெட் என்று விற்கும் தளங்களிலும் இதே நிலைதான். கோடிங் கற்றுத்தரும் சனிக்கிழமை வகுப்புகள் நம் சங்கங்களில் நிறைய நடக்கின்றன. அவற்றில் ஒரு நாளைக் கடைக்காரர்களுக்கு ஒதுக்குங்கள். என் கடையில் என்னென்ன பிளகின் இருக்கிறது, யார் எழுதியது, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், நிர்வாகிகள் பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க நிரல் தெரிய வேண்டியதில்லை. அதே பக்கத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது.

நாங்கள் அப்படி உட்கார்ந்து பார்த்ததில் 34 பிளகின் 13 ஆனது. நிர்வாகிகள் பட்டியலில் முகம் தெரியாத இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மருமகனின் பழைய நண்பராம். இன்னொருவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. இருவரையும் நீக்கி எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினோம்.

புதுப் பட்டனுக்கு வருகிறேன். பொட்டலம் பிரித்த தூளைத் திருப்பித் தர முடியாது, குத்துவிளக்கைப் பதினான்கு நாளுக்குள் தரலாம் என்று அக்காவே ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறார். அவர் முன்பே வைத்திருக்கும் ஜெர்மன் சட்டத்துக்கான பிளகினில் அந்தப் பட்டனும் வருகிறதா என்று முதலில் பார்ப்போம். வந்தால் பதினாலாவது பிளகின் வேண்டாம். நகல் தளத்தில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் கடையில் வைப்போம்.

"அப்ப நோட்டில ஆறாவது கட்டம் கீறட்டோ?" என்று கேட்டார் அக்கா.

"கீறுங்க அக்கா."